தனி ஆளாக நடத்தும் இணையத் தொழில்: கூட்டாளி தேடுவதா, இப்படியே தொடர்வதா?

தனிவழி

வணக்கம் நண்பர்களே.

தனியாக வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்காக ஓர் இணையச் சேவை நடத்தி வருகிறேன். மாணவர்களின் கால அட்டவணை, கட்டண ரசீது, வகுப்புக்கு முன் ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான். மாதச் சந்தா. நிரல் எழுதுவது, சர்வரைப் பார்ப்பது, வாடிக்கையாளருக்குப் பதில் போடுவது, கணக்கு எழுதுவது எல்லாமே நான்தான். பகுதிநேரமாகத் தொடங்கியது, இப்போது வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கலாம் என்கிற அளவுக்கு வருமானம் வருகிறது.

ஆனால் யாரிடம் பேசினாலும் "முதலில் ஒரு கூட்டாளியைப் பிடி, தனியாகத் தாக்குப்பிடிக்க முடியாது" என்கிறார்கள். புதுத் தொழில்களைக் கொல்லும் 18 தவறுகள் என்று ஒய் காம்பினேட்டர் என்ற முதலீட்டுப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் கிரகாம் 2006இல் போட்ட பட்டியலிலும் முதல் இடம் தனி நிறுவனருக்குத்தான். எனக்குத் தெரிந்த நல்ல நிரலர்கள் நல்ல வேலைகளில் இருக்கிறார்கள். அவசரத்துக்கு யாரையாவது சேர்த்துக்கொள்ள மனம் வரவில்லை.

நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். கூட்டாளி கட்டாயமா? தனியாகவே போவதென்றால் எதை முதலில் சரிசெய்ய வேண்டும்? நான் காய்ச்சலில் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அடிக்கடி தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி.

பழையநிரலர்

அந்த 2006 பட்டியல் யாருக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். வெளியார் முதலீட்டை வாங்கி, சில ஆண்டுகளில் மிகப் பெரிதாக வளர்ந்தாக வேண்டிய நிறுவனங்களுக்கு. அந்தப் பாதையில் போகிறவர்களுக்கு அது இன்றும் நல்ல அறிவுரைதான். டிராப்பாக்ஸின் டிரூ ஹூஸ்டன் தனியாகத் தொடங்கிவிட்டு, அதே ஒய் காம்பினேட்டரில் சேர்வதற்காகவே 2007இல் அராஷ் ஃபெர்டோசியைச் சேர்த்துக்கொண்டார். உங்கள் தொழில் அந்த வகை இல்லை. முதல் மாதத்திலிருந்தே சந்தாப் பணத்தில் நடக்கிறது.

மறுபக்கம் ஓர் ஆய்வும் உண்டு. ஜேசன் கிரீன்பெர்க், ஈதன் மோலிக் என்ற இரு ஆய்வாளர்கள், கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் பணம் திரட்டித் தொடங்கிய தொழில்களை எடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வந்தது. தனி ஆள் தொடங்கியவை, கூட்டாகத் தொடங்கியவற்றைவிட அதிக காலம் நின்றிருக்கின்றன. வருமானத்தில் இருவர் சேர்ந்து தொடங்கியவற்றையும் முந்தியிருக்கின்றன. எல்லா வகைத் தொழிலுக்கும் இதை நீட்டிவிட முடியாது. ஆனாலும் "தனியாக முடியவே முடியாது" என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கு இது போதுமான பதில்.

பிளென்டி ஆஃப் ஃபிஷ் என்ற துணைதேடும் தளத்தை மார்க்கஸ் ஃபிரிண்ட் 2003இல் தொடங்கிப் பல ஆண்டுகள் ஏறத்தாழ ஒற்றை ஆளாக ஓட்டினார். 2015இல் மேட்ச் குழுமம் 57.5 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அதற்கு முன் அவர் அதை எப்படி நடத்தினார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உறுப்பினர்கள் ஏற்றும் படங்களைச் சரிபார்க்கும் முடிவில்லாத வேலையைத் தன்னார்வலர்களிடம் விட்டிருந்தார். பின்போர்டு இன்னொன்று. மாசே செக்லோவ்ஸ்கி பெரும்பாலும் தனியாகவே நடத்திய புத்தகக்குறித் தளம், 2009இலிருந்து. தொடக்கத்திலேயே சேர்க்கைக் கட்டணம் வைத்தார். 2010 கடைசியில், அதே வகைப் பெரிய தளமான டெலிஷியஸ் மூடப்படப் போகிறது என்ற செய்தி கிளம்பி ஆட்கள் வெள்ளமாக வந்து சேர்ந்தபோது, வந்தவர் ஒவ்வொருவரும் தன் செலவைத் தானே கொண்டு வந்தார். அதே டெலிஷியஸை 2017இல் அவரே வாங்கியும் விட்டார்.

இரண்டிலும் நான் பார்ப்பது ஒன்றுதான்: ஓர் ஆளால் காப்பாற்ற முடியாத வாக்குறுதியை அவர்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. நீங்களும் அங்கிருந்து தொடங்குங்கள். உங்கள் தளத்தின் முகப்பில் எதையெல்லாம் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

முகிலினி

பழையநிரலர் சார் சொல்வதில் பாதியைத்தான் ஏற்றுக்கொள்வேன். கூட்டாளியை வேலைப் பளுவுக்காகத் தேடுவதாகவே எல்லோரும் பேசுகிறோம். வேலையைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். நீங்கள் ஒரு தவறான முடிவில் பிடிவாதமாக நிற்கும்போது "இது சரியில்லை" என்று சொல்ல ஆள் வேண்டும், அதை எங்கே வாங்குவது? சம்பளத்துக்கு வருகிறவர் சொல்ல மாட்டார். வீட்டில் இருப்பவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்து ஆறுதல்தான் சொல்வார்கள்.

இதே நிலையில் இருக்கும் இன்னொரு தனி நிறுவனரைப் பிடியுங்கள். அவர் தொழில் வேறாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரப் பேச்சு. உங்கள் வரவு செலவை அவரும், அவருடையதை நீங்களும் பார்க்க வேண்டும். எண்களைக் காட்டாத பேச்சு ஊக்கப் பேச்சாகத்தான் முடியும், அதனால் பயனில்லை.

ஒருவேளை கூட்டாளி என்றே முடிவெடுத்தால், பங்கை முதல் நாளே மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நான்கு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்படி வைப்பதுதான் பரவலான வழக்கம். முதல் ஆண்டு முடியும் முன் கிளம்பினால் பங்கு எதுவும் இல்லை. ஆறு மாதத்தில் மனம் மாறிப் போனவர் பாதிப் பங்கோடு போனால் அந்த நிறுவனத்தை அப்புறம் தூக்கி நிறுத்துவது பெரும்பாடு. எழுத்தில் வையுங்கள், நெருங்கிய நண்பராக இருந்தாலும். நெருங்கிய நண்பர் என்றால் இன்னும் கவனமாக.

சதுரங்கன்

கூட்டாளி விஷயம் இருக்கட்டும். வேலையை விடும் முன் ஒரு கணக்கு போட்டீர்களா?

மாதம் எத்தனை பேர் புதிதாக வருகிறார்கள், இருப்பவர்களில் எத்தனை விழுக்காடு விலகுகிறார்கள்? மாதத்துக்கு 20 பேர் புதிதாக வந்து 5 விழுக்காடு விலகினால் உங்கள் உச்சவரம்பு 400 வாடிக்கையாளர். அங்கே போனதும் வருகிற 20ம் போகிற 20ம் சமமாகிவிடும், நீங்கள் எவ்வளவு ஓடினாலும் அதே இடம்தான். இன்று 100 பேர் இருக்கும்போது வளர்ச்சி பிரமாதமாகத் தெரியும், அதை நம்பித்தான் பலர் வேலையை விடுகிறார்கள். 5 விழுக்காடு சின்ன எண்ணாகத் தோன்றுகிறதா? ஓர் ஆண்டு முடிவில் இன்றைய 100 பேரில் 54 பேர்தான் மிஞ்சுவார்கள்.

அந்த 400 பேர் கொடுக்கும் சந்தா உங்கள் வாழ்க்கைச் செலவுக்குப் போதுமா? போதும் என்றால் தைரியமாக விடுங்கள். போதாது என்றால் புது வசதிகளை எழுதுவதை நிறுத்திவிட்டு, விலகியவர்கள் ஏன் விலகினார்கள் என்று கேளுங்கள். விலகியவருக்குத் தனிப்பட்ட முறையில் இரண்டு வரி மின்னஞ்சல். கேள்விப் படிவம் வேண்டாம், யாரும் நிரப்புவதில்லை.

தனிவழி

இந்தக் கணக்கை நான் இப்படிப் போட்டுப் பார்த்ததில்லை, மிக்க நன்றி. விலகல் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி இல்லை. கல்வியாண்டு முடியும் மாதத்தில் கொத்தாகப் போகிறார்கள், சிலர் விடுமுறை முடிந்து புதுக் கணக்கோடு திரும்பி வருகிறார்கள்.

முகிலினி சொன்ன வாராந்திரப் பேச்சுக்கு ஆள் மனதில் இருக்கிறார். இன்றே கேட்கிறேன்.

அல்லி

நான் நிரலர் இல்லை. பல ஆண்டுகளாக இணைய நிறுவனங்களில் வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் வேலை. தனி நிறுவனரின் நாளைத் தின்பது நிரல் இல்லை, இந்தக் கடிதங்கள்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் சேவைக்கு அதிகம் வரும் புகார் எதுவென்று ஊகிக்கிறேன்: "ரசீது போய்ச் சேரவில்லை." சரிதானே? வழக்கமாக என்ன நடக்கும்? ஆசிரியர் எழுதுவார். நீங்கள் பதிவேட்டைத் திறந்து தேடுவீர்கள். மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்து தவறியிருக்கும், இல்லையென்றால் குப்பை அஞ்சலில் கிடக்கும். பணிவாகப் பதில் எழுதுவீர்கள். அடுத்த வாரம் இன்னொருவர். ஒவ்வொன்றும் பத்து நிமிடம்தான், ஆனால் கையில் இருந்த வேலையை அறுத்துவிட்டுப் போகும்.

இதைக் கடிதமாகப் பார்க்காமல் திரையின் குறையாகப் பாருங்கள். மாணவர் பெயருக்கு எதிரே "ரசீது சேர்ந்தது, மாலை 6.10" என்று காட்டுங்கள். திரும்பி வந்துவிட்டால் அதே இடத்தில் சிவப்பில் "திரும்பி வந்தது, முகவரியைச் சரிபார்க்கவும்", பக்கத்திலேயே திருத்தும் பொத்தான். உங்களுக்கு எழுதும் முன்பே ஆசிரியர் அதைத் திருத்திவிடுவார். ஒரே கேள்வி மூன்றாவது தடவை வந்தால் அந்த வாரம் வேறு எதையும் தொடாமல் அந்தத் திரையைத் திருத்துங்கள். தனியாக நடத்துகிறவருக்கு நான் சொல்லக்கூடியதில் இதுதான் முக்கியம்.

குப்பை அஞ்சல் பற்றி: மின்னஞ்சல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று பெறும் சர்வருக்கு உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் அமைத்துவிட்டீர்களா? மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புகிறவர்களுக்கு (ஜிமெயில் கணக்கில் நாளுக்கு 5,000 அளவு) ஜிமெயிலும் யாகூவும் 2024 பிப்ரவரியிலிருந்து மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டன. அந்த அளவுக்கு நீங்கள் அனுப்பாவிட்டாலும் அமைத்துவிடுங்கள். ரசீதும் நினைவூட்டலும் ஒரு துணைக்களப் பெயரிலிருந்து போகட்டும், விளம்பரக் கடிதம் வேறொன்றிலிருந்து. விளம்பரத்தை யாராவது குப்பை என்று குறித்தால் அதன் கெட்டபெயர் ரசீதின் மேல் அவ்வளவாக விழாது.

அப்புறம் பதில் நேரம். "உடனடி உதவி" என்று தளத்தில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். "அடுத்த வேலை நாளுக்குள் பதில்" என்று போட்டு, அதைத் தவறாமல் காப்பாற்றுங்கள். மக்கள் காத்திருப்பார்கள். எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் அவர்களைக் கோபப்படுத்துகிறது.

வேங்கை

காப்புப் பிரதி பற்றி யாரும் பேசவில்லை. தனியாக இருப்பவருக்கு இதில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள். ஒரு பொறியாளர் இரவு நேரத்தில் துணைத் தரவுதளம் என்று நினைத்து முதன்மைத் தரவுதளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். சரி, காப்புப் பிரதி இருக்கிறதே என்று பார்த்தால், தினசரிப் பிரதி எடுக்கும் நிரல், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுதள மென்பொருளின் பதிப்புப் பொருந்தாமல் எப்போதோ தோற்கத் தொடங்கியிருந்தது. தோற்றால் மின்னஞ்சல் வர வேண்டும். அந்த மின்னஞ்சல்கள், அல்லி மேலே சொன்ன அதே டிமார்க் சிக்கலால் நிராகரிக்கப்பட்டு யார் கண்ணிலும் படவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்து வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. அத்தனை பேர் வேலை செய்யும் இடத்திலேயே இப்படி என்றால் யோசியுங்கள்.

கோட் ஸ்பேசஸ் என்ற நிரல் சேமிப்பு நிறுவனத்தின் கதை இன்னும் கொடியது. 2014 ஜூனில் யாரோ அவர்களுடைய அமேசான் மேகக் கணக்கின் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் புகுந்து, பணம் கேட்டு மிரட்டி, கடைசியில் தரவையும் பிரதிகளையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். நிறுவனமே மூடப்பட்டது.

ஆகவே செய்ய வேண்டியது: பிரதி வேறொரு நிறுவனத்தின் கணக்கில் இருக்க வேண்டும். வேறு கடவுச்சொல், வேறு இரண்டாம் அடையாளச் சோதனை. சர்வரால் அங்கே எழுத முடியட்டும், அழிக்க முடியக் கூடாது. மாதம் ஒருமுறை ஒரு புது இயந்திரத்தை எழுப்பி, பிரதியை அதில் மீட்டு, உங்கள் சேவையை அதன் மேல் ஓட்டி, நேற்றைய ஒரு ரசீதைத் தேடி எடுங்கள். அந்த ரசீது கண்ணில் பட்டால்தான் உங்களிடம் பிரதி இருக்கிறது என்று பொருள். எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். நிஜமாகவே விழும் நாளில் "இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும்" என்று வாடிக்கையாளரிடம் சொல்ல முடியும்.

களப் பெயரை (டொமைன்) பத்து ஆண்டுக்குப் பதிந்துவிடுங்கள், அதற்கு மேல் அனுமதி இல்லை. பணம் எடுக்கும் அட்டை காலாவதியாகி, எச்சரிக்கை மின்னஞ்சல் பழைய முகவரிக்குப் போய், களப் பெயர் கைநழுவும் கதைகளுக்குக் குறைவே இல்லை. டாட் காம் போன்றவற்றில் பெயர் நீக்கப்பட்ட பின்னும் மீட்க 30 நாள் இருக்கிறது. ஆனால் அந்த நாள்களில் தளமும் நின்றுவிடும், மின்னஞ்சலும் நின்றுவிடும்.

சதுரங்கன்

வேங்கை சொல்வது அத்தனையும் சரி. நான் அதற்கு முந்தைய ஒரு படியைச் சொல்கிறேன். சேவை விழக்கூடாது என்று மட்டும் யோசிக்காதீர்கள், விழுந்தாலும் ஆசிரியருக்கு நட்டமில்லாமல் இருக்க வழி பாருங்கள்.

சேவை 99.9 விழுக்காடு நேரம் ஓடும் என்று வாக்குக் கொடுப்பவர்களுக்கு, ஓர் ஆண்டில் விழுந்து கிடக்கக் கிடைப்பது எட்டே முக்கால் மணி நேரம். நீங்கள் விமானத்தில் இருக்கும்போது சர்வர் விழுந்தால் அது ஒரே தடவையில் தீர்ந்துவிடும். 99.99 என்றால் ஆண்டுக்கு 53 நிமிடம்கூட இல்லை, தூங்கி எழுந்து மடிக்கணினியைத் திறப்பதற்குள் போய்விடும். ஓர் ஆளால் முடியாது. அதை விற்காதீர்கள்.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாலையும் மறுநாள் அட்டவணையை ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள்: யார், எத்தனை மணி, எந்த எண்ணில் அழைப்பது. நாட்காட்டிச் செயலியிலும் ஏறும்படி ஒரு இணைப்பு. இப்போது உங்கள் சர்வர் காலை முழுக்கப் படுத்திருந்தாலும் வகுப்பு நடக்கும். ரசீது மாலையில் போனால் யாருக்கும் குடி முழுகாது. உங்கள் காய்ச்சல் கேள்விக்கு என் பதில் இதுதான். கூட்டாளி கிடைத்தாலும் அவருக்கும் காய்ச்சல் வரும்.

பழையநிரலர்

சதுரங்கன் சொன்ன மாலை மின்னஞ்சல் யோசனையை இந்த இழையில் வந்தவற்றிலேயே சிறந்ததாக நினைக்கிறேன். தனிவழி, இந்த வாரமே செய்யுங்கள்.

காய்ச்சலைவிட நீளமான இல்லாமையும் உண்டு, அதையும் பேசிவிட வேண்டும். விபத்து, நீண்ட மருத்துவமனை வாசம், இல்லை அதற்கும் மேல். உங்கள் பொறுப்பில் எத்தனையோ ஆசிரியர்களின் மாணவர் விவரமும் பணக் கணக்கும் இருக்கிறது. அவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமை இது. ஒரு ஆவணம் எழுதுங்கள். நிரல் தெரியாத, நீங்கள் முழுதாக நம்பும் ஒருவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும்: எங்கெங்கே கணக்கு இருக்கிறது, எந்தக் கட்டணம் எந்த அட்டையில் போகிறது, சந்தா வசூலை நிறுத்துவது எந்தப் பொத்தான், வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப வேண்டிய கடிதம் (அதையும் நீங்களே எழுதி வையுங்கள்). நிரல் தெரிந்த இன்னொருவருக்குத் தனிப் பக்கம். கடவுச்சொற்களை அதில் எழுத வேண்டாம். பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் பெட்டகங்களில் அவசர அணுகல் உண்டு: நம்பிக்கையானவர் கேட்டு, நீங்கள் குறித்த காலத்துக்குள் மறுக்காவிட்டால் திறந்துகொள்ளும். கூகுள் கணக்குக்கும் 2013இலிருந்து ஓர் ஏற்பாடு இருக்கிறது: நீங்கள் குறித்த காலம்வரை கணக்கைப் பயன்படுத்தாவிட்டால், நீங்கள் குறித்தவருக்குத் தரவு போகும்.

இன்னொன்று. ஆசிரியர் தன் தரவு முழுவதையும் தானே ஒரு விரிதாளாக இறக்கிக்கொள்ளும் பொத்தான் வையுங்கள். போட்டியாளரிடம் போய்விடுவார்களே என்று பயந்து பலர் வைப்பதில்லை. ஒற்றை ஆள் நடத்தும் சேவையை நம்பச் சொல்வதற்கு இதைவிட நேர்மையான காரணம் கொடுக்க முடியாது.

முகிலினி

வெளியே யாரைச் சார்ந்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரெடிட் என்ற விவாதத் தளத்தைப் படிக்க அப்பல்லோ என்ற செயலியைக் கிறிஸ்டியன் செலிக் ஏறத்தாழ ஒற்றை ஆளாக எழுதி வளர்த்தார். 2023இல் பிற செயலிகள் தன் தரவை எடுக்கும் இடைமுகத்துக்கு (ஏபிஐ) ரெடிட் கட்டணம் அறிவித்தபோது அவர் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் ஆனது. ஜூன் 30 அன்று மூடினார். நல்ல செயலி, நல்ல பயனர்கள், அவர் கையில் எந்தக் குறையும் இல்லை. அடித்தளம் வேறொருவருடையதாக இருந்தது.

தனிவழி, உங்களுக்கு இது பணம் வாங்கும் நிறுவனத்தில்தான் வரும். அட்டை விவரங்களை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுப்பார்களா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். கொடுக்க மாட்டார்கள் என்றால், மாறும் நாளில் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் மறுபடி அட்டையைப் பதியச் சொல்ல வேண்டும், அதில் நிறையப் பேர் உதிர்ந்துவிடுவார்கள். பல நாடுகளில் விற்கிறீர்கள் என்றால் வரியை அவர்களே வசூலித்துக் கட்டும் விற்பனைப் பொறுப்பாளர் வகை நிறுவனம் தேவலை. அவர்கள் எடுக்கும் கழிவு அதிகம், ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தை மட்டும் எடுத்தாலே, இணையச் சேவைகளுக்கு 2015இலிருந்து வாங்குபவர் இருக்கும் நாட்டின் விகிதத்தில் வரி. அதைத் தனி ஆள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நீலாம்பல்

இழைக்குப் புதியவன். இப்போது நிரலெழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டனவே, இதில் பாதிக் கவலை தேவையா?

வேங்கை

எழுதும் வேகம் கூடும், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் சர்வர் விழும் இரவில் நீங்கள் படித்தே பார்க்காத நிரலின் முன்னால் உட்கார வேண்டும். படித்துப் புரியாததை உள்ளே விடாதீர்கள். பணம், கடவுச்சொல், அழித்தல் இந்த மூன்றையும் தொடும் வரிகளைக் கட்டாயம் நீங்களே வரி வரியாகப் பாருங்கள். தரவுதளம், மொழி எல்லாம் பழையதாக, உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததாக இருக்கட்டும். தனி ஆளாகப் பல தளங்கள் நடத்தும் பீட்டர் லெவல்ஸ் அவற்றைப் பிஎச்பியும் எஸ்கியூலைட்டும் வைத்தே நடத்துகிறார். வாடிக்கையாளர் யாரும் அதைக் கேட்டதில்லை.

தனிவழி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கூட்டாளி தேடுவதைத் தள்ளி வைக்கிறேன். மாலை மின்னஞ்சலை எழுதத் தொடங்கிவிட்டேன். வேறு நிறுவனத்தில் காப்புப் பிரதி, மீட்டுப் பார்க்கும் ஒத்திகை, அப்புறம் அந்த ஆவணம், இந்த மூன்றும் முடியும்வரை வேலையை விடுவதில்லை.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். விடுமுறை மாத விலகலைக் குறைக்க ஆண்டுச் சந்தாவைத் தள்ளுபடியில் கொடுக்கலாமா?

சதுரங்கன்

கொடுக்கலாம், ஆனால் வாங்கிய பணத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, முடிந்த மாதங்களின் பங்கை மட்டும் செலவுக்கு எடுங்கள். மீதி இன்னும் உங்கள் பணம் இல்லை. திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டியது.

அல்லி

உங்கள் ஆசிரியர்களுக்கு ஆண்டுச் சந்தாவைவிட இடைநிறுத்தம் பொருந்தும் என்று நினைக்கிறேன். அவர்கள் உங்களைப் பிடிக்காமல் போகவில்லை. வகுப்பு இல்லாத மாதத்துக்குப் பணம் கட்ட விரும்பவில்லை, அவ்வளவுதான். விலகும் பக்கத்தில் "விடுமுறை முடியும்வரை நிறுத்தி வை" என்று ஒரு தெரிவு கொடுங்கள். திரும்பும் தேதியை அவர்களே குறிக்கட்டும். நிறுத்தியிருக்கும்போதும் பழைய ரசீதுகளைப் பார்க்க முடிய வேண்டும். வசூல் மறுபடி தொடங்க ஒரு வாரம் முன் ஒரு கடிதம், அதில் தேதி, தொகை, இன்னும் தள்ளிப்போட ஓர் இணைப்பு. அந்தக் கடிதத்தை விட்டுவிடாதீர்கள். சொல்லாமல் எடுத்த பணத்துக்கு வாடிக்கையாளர் உங்களிடம் வரமாட்டார், நேரே வங்கிக்குப் போய் மறுப்புப் பதிவு செய்துவிடுவார். அந்தத் தகராறுக்கு ஆதாரம் திரட்டிப் பதில் எழுதப் போவதும் நீங்கள்தான்.